தாணம்மாளுக்கு ஒரு பக்கம்

அசையக் கூடாது என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் எனக்கு உடம்பென்று ஒன்று இருப்பதே தெரிகிறது. அதுவரை சும்மா கிடந்த முழங்கால் குடைகிறது, காதுக்குப் பின்னால் ஊறுகிறது, வராத இருமல் தொண்டையில் வந்து நிற்கிறது. ஜன்னலைப் பாருங்க ஆன்ட்டி, அந்த முருங்கை மரத்துக்குக் கொஞ்சம் மேல, ஆங், அப்படியே இருங்க என்றாள். இருக்கிறேன். தாள் பறக்கிறது என்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. எனக்கு இடது பக்கத்தில், பார்வைக்கு எட்டாத இடத்தில், பென்சில் கரகரவென்று ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. எந்த இடத்தில் ஓடுகிறது, கன்னத்திலா, தாடையிலா? என் முகத்தில் இவ்வளவு நேரம் வரைய என்ன இருக்கிறது? அடுக்களையில் என் வீட்டுக்காரர் சாம்ராஜ் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்த மனுஷர், கிசுகிசுவென்று பேசினாலும் தெரு முக்குவரை கேட்கும். அந்தக் குரலில், ஹெப்சி, இந்தப் பிள்ளைக்கு மீன் ஆகுமா ஆகாதா, கேட்டுச் சொல்லு என்கிறார். நான் எப்படிச் சொல்வேன், வாயையும் அசைக்கக் கூடாதே. ஆகும் அங்கிள் என்று அவளே கத்துகிறாள். நல்ல பிள்ளை. நித்திலா என்று பெயர். இன்று காலை சென்னை ரயிலில் நாகர்கோவிலுக்கு வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, பல் தேய்க்கும் முன்பே என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிள்ளைகளுக்கான புத்தகமாம். வானத்தை வைத்து வேலை செய்த, ஆனால் யாருக்கும் பெயர் தெரியாமல் போன பெண்களைப் பற்றி. ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம் கதை, எதிர்ப் பக்கத்தில் முழுசாக ஒரு படம். எங்கள் சபைப் பத்திரிகையில் நான் எப்போதோ எழுதிய ஒரு சின்னக் கட்டுரையை யாரோ போனில் படம் எடுத்து அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றி அந்தப் பதிப்பகத்து அம்மாளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. போனில் பேசினார்கள். அறுபதுகளில் ராக்கெட் விட்ட காலத்தில் நீங்கள் கணக்குப் போட்டீர்களாமே என்றார்கள். நான் மட்டும் இல்லை, தாணுவும் நானும் என்றேன். யார் தாணு என்றார்கள். தாணம்மாள், சுசீந்திரத்துக்காரி, அவள் இல்லாமல் நான் இல்லை, அவளுக்கும் ஒரு பக்கம் போட்டால்தான் நானும் வருவேன் என்றேன். அவ்வளவு உறுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று போனை வைத்த பிறகு ஆச்சரியமாக இருந்தது. மளிகைக் கடையில் தேங்காய் அழுகலாக இருந்தால்கூடத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படுகிறவள் நான். போட்டிருவோம் அம்மா, ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க என்றார்கள். அங்கேதான் எல்லாம் நின்றது. போட்டோ இல்லை. போட்டோ இல்லாவிட்டால் என் கதைக்குள்ளேயே அவளை ஒரு வரியில் சேர்த்துவிடலாம் என்று பிறகு சொன்னார்கள், மிக மரியாதையாக. ஒரு வரி. கூட வேலை பார்த்த தோழி. அப்படித்தான் போடுவார்கள்.

கூட வேலை பார்த்த தோழி. அது பொய்யில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வாடகை வீட்டு மாடி. கடற்கரையிலிருந்து சாயங்காலம் மங்குகிற நேரத்தில் ராக்கெட் போகும். மேலே போய், ஏதோ ஒரு உயரத்தில், சோடியம் ஆவியைக் கக்கிக்கொண்டே ஏறும். அது வானத்தில் நீளமாக ஒரு கோடு போலத் தொங்கும். மேலே அடிக்கிற காற்று அந்தக் கோட்டைக் கோணலாக்கும், சுருட்டும், இழுத்துக்கொண்டு போகும். அதை ஒரே நேரத்தில் வேறு வேறு ஊர்களிலிருந்து கேமராவில் பிடிப்பார்கள். அந்தப் பிலிம் சுருள் தகர டப்பாவில் எங்கள் மாடிக்கு வரும். கோடு எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அடுத்த படத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து அளந்து, யாரும் போய்ப் பார்க்க முடியாத உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னபோது நித்திலா பேனாவை வைத்துவிட்டு, காத்துக்குக் கோடு போட்டுப் பார்த்திருக்கீங்க ஆன்ட்டி என்றாள். அப்படி நாங்கள் நினைத்ததேயில்லை. அளப்பது தாணு. கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவது நான். அளப்பதற்கு இருட்டு வேண்டும் என்று அறையின் மூலையில் ஒரு கறுப்புத் திரை போட்டிருந்தார்கள், அவள் அதற்குள் உட்கார்ந்திருப்பாள். எனக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரம் மேஜை. எங்கள் இரண்டு பேருக்கும் முதுகுக்கு முதுகு. திரைக்குள்ளிருந்து எண் எண்ணாகச் சொல்லுவாள், ஏழு பூச்சியம் நாலு, ஏழு பூச்சியம் ஆறு, இரு பிள்ளே, அவசரப்படாதே, ஏழு பூச்சியம் ஆறரை. நான் எழுதுவேன், சுற்றுவேன், மெஷின் கடகடக்கும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் எனக்கு ஒரு குரல். அந்தக் குரல் இப்போதும் இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பு, ஒவ்வொரு எண்ணின் கடைசியிலும் லேசாக ஒரு இழுப்பு, தும்மினால் திரையே ஆடும். குரலை வரைய முடியுமானால் இந்நேரம் முடிந்திருக்கும்.

ஆனால் முகம்? வேலை முடிந்தால் வெளியே வருவாளே. நாலு வருஷம் ஒரே ஹாஸ்டலில் ஒரே அறை. பார்க்காமலா இருந்திருப்பேன். இரண்டு மணி நேரமாக இந்தப் பெண்ணும் கேட்டுவிட்டாள். காலையில் காப்பி குடிக்கும்போதே ஆரம்பித்தாள், வட்ட முகமா ஆன்ட்டி, நீள முகமா என்று. வட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன், உடனே இல்லை என்று தோன்றியது. நீளம் என்றால் அதுவும் இல்லை. அவள் வேகமாக ஒன்று போட்டுக் காட்டினாள், அழகான ஒரு முகம், இது இல்லை. இன்னொன்று போட்டாள், அதுவும் இல்லை. மூக்கு இப்படி இருக்குமா? இல்லை. கொஞ்சம் சப்பையா? சேச்சே, இல்லை. அப்ப எப்படித்தான் இருக்கும் என்று கேட்டால் தெரியவில்லை. இல்லை என்று மட்டும் இவ்வளவு அடித்துச் சொல்லத் தெரிகிறதே, அப்படியென்றால் உள்ளே எங்கேயோ அது இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இருந்தால் ஏன் வர மாட்டேன் என்கிறது? கழுத்தின் பின்பக்கம் வருகிறது, அதில் பவுடர் திட்டு. முதுகில் தொங்கும் பின்னலின் நுனியில் ரிப்பனுக்குப் பதிலாகப் பிலிம் டப்பாவைச் சுற்றி வருகிற கறுப்பு நாடாவைக் கட்டியிருப்பாள், அது வருகிறது. மதியம் மாடிப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் டிபன் பாத்திரத்திலிருந்து என் பாத்திரத்துக்குத் தாவுகிற விரல்கள் வருகின்றன, சுண்டுவிரல் நகத்தில் ஊதா மை. பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தை எதற்குப் பார்க்கப் போகிறோம், ரோட்டைத்தான் பார்ப்போம். ரோடு வருகிறது. ரோட்டில் போன ஐஸ்காரன் முகம்கூட வருகிறது, அவன் உதட்டுக்கு மேலே இருந்த மரு வருகிறது. அவன் எனக்கு யார்? அவனை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறேன்?

இதற்குத்தான் பயப்படுகிறேன். வெளியே சொல்லவில்லை, நித்திலாவிடமும் இவரிடமும். என் அம்மாவுக்குக் கடைசியில் முகங்கள்தான் முதலில் போயின. பெயர் ஞாபகம் இருந்தது, பைபிளில் சங்கீதம் ஒரு வரி விடாமல் சொல்லுவாள், ஆனால் எதிரில் நிற்கிற என்னைப் பார்த்து, சிஸ்டர், என் மகள் ஹெப்சி எப்பம் வருவா என்று கேட்டாள். இப்பம் வந்திருவா அம்மா என்று நானே சொன்னேன். அப்போது எனக்கு வயது ஐம்பதுக்குள். இப்போது என் முறையோ? போன மாதம் சபையில் ஒரு அம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசினாள், யாரென்றே தெரியாமல் நானும் சிரித்துச் சிரித்துப் பேசினேன். அது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று இவர் சொல்லுகிறார். இவருக்கு எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். தாணுவின் மூக்கைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தோசைக் கரண்டியோடு வந்து நின்று, ஏ ஹெப்சி, அவளுக்கு மூக்கு எடுப்பா இருக்கும்லா, நம்ம கல்யாணத்தில பாத்தேனே, உயரமா, சிவப்பா, என்றார். நித்திலா ஆசையோடு அவர் பக்கம் திரும்பினாள். அது தாணு இல்லை, என் சித்தி மகள் பிளாரன்ஸ் என்றேன். பிளாரன்சா? பிளாரன்ஸ் குட்டையால்லா இருப்பா என்றார். குட்டையானவள் பிளாரன்சின் அக்கா. இல்லையே, அக்கா கல்யாணத்துக்கே வரல்லியே. இப்படியே போய், கடைசியில் எங்கள் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்பதே எங்களுக்குச் சந்தேகமாகிவிட்டது. தாணு வந்தது மட்டும் நிச்சயம். போட்டோக்காரன் போன பிறகு வந்தாள். பஸ் வழியில் நின்றுவிட்டதென்று, சேலையெல்லாம் தூசியோடு, கையில் ஒரு எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்தோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டால் முகம் தோளுக்குப் பின்னால் போய்விடும். எந்தப் பக்கம் போய்த் தேடினாலும் அவள் முகத்தை அப்படித் திருப்பிக்கொள்கிறாள்.

ஒரு போட்டோ இருக்கிறது. அதை நித்திலா காலையிலேயே தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அந்த வாடகை வீட்டின் முன்னால் எல்லோரும் வரிசையாக. நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்கிறவர்கள் சின்னவர்கள், ஓரத்தில் நான், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, போட்டோவில் இருப்பது தப்பு என்பதுபோல. தாணு இல்லை. ஏனென்றால் அதை எடுத்தது அவள்தான். அங்கே இருந்தவர்களில் கேமராவை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. சார், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, ஹெப்சி, நீ எதுக்கு அழுவது மாதிரி நிக்கே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் அமுக்கிவிட்டாள். நீ வா, நான் எடுக்கேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த தடவை என்று எல்லாவற்றுக்கும் ஒன்று இருக்கும் என்று நினைக்கிற வயசு. வேலை முடிந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தபோது மேலே வரிசையாக ஐந்து ஆண்களின் பெயர், கடைசியில் பொடி எழுத்தில், கணக்கிட்டு உதவிய பெண்களுக்கு நன்றி என்று இருந்தது. நாங்கள் அதைப் படித்து ரொம்ப நேரம் சிரித்தோம். பெண்கள்னு போட்டிருக்கானே, அதுவே பெரிசு என்றாள். அதை அப்போது சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். கோபம் எனக்கு எவ்வளவோ காலம் கழித்து, என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சம்பந்தமே இல்லாமல் வந்தது.

போன வாரம் இவரையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் சுசீந்திரம் போனேன். தாணுவின் அண்ணன் மகன் இருந்தான், நல்லவன், தலை நரைத்துவிட்டது. அத்தையா, அவங்களப் பத்தி யாரும் கேட்டு எத்தனையோ வருஷமாச்சே என்றான். உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். ஆல்பம் இருந்தது, ஆனால் பக்கமெல்லாம் கரையான் தின்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் மண்ணாக உதிர்ந்தது. ஒரு துண்டில் ஒரு கை தெரிந்தது, வளையல் போட்ட கை. அது அவளுடையதா என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பழைய ஆபீசுக்கு நித்திலாவே எழுதிக் கேட்டிருக்கிறாள், அந்தக் காலத்துத் தற்காலிக ஆட்களின் பைல் எதுவும் இப்போது இல்லையாம். அவள் புருஷன் வீடு ஜாம்ஷெட்பூரில். கல்யாணமாகி அங்கே போனாள், முதல் வருஷம் எழுதினாள், இங்கே வெயிலும் குளிரும் இரண்டும் அநியாயம், ராத்திரி ஆலையின் வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை என்று. இரண்டாவது வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்று அவள் அண்ணன் ஒரு கார்டு போட்டார். அப்போது என் மூத்தவன் கைக்குழந்தை, காய்ச்சலாகக் கிடந்தான். கார்டைப் படித்தேன், குழந்தைக்கு மருந்து கொடுத்தேன், மறுபடி படித்தேன். அந்தப் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு வடக்கே எங்கேயோ போய்விட்டாராம். ஆக, தாணுவின் முகம் இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே இடம் என் மண்டைதான். அதுவும் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டால்.

பென்சில் நின்றிருக்கிறது. கழுத்து வலிக்குதா ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்தான் என்கிறாள். வலிக்கவில்லை என்று முருங்கை மரத்திடம் சொல்கிறேன். மரத்துக்கு மேலே வானம் வெறுமையாக, வெள்ளையாக இருக்கிறது. எங்கள் பிலிமில் வானம் இப்படித்தான் வெள்ளையாக இருக்கும். நெகட்டிவ் அல்லவா, வானம் வெள்ளை, நட்சத்திரமெல்லாம் கறுப்புப் புள்ளி, அந்த ஆவிக் கோடு கறுப்பாக ஒரு கிறுக்கல். மாசக்கணக்காக அதையே பார்த்தோமே தவிர நிஜத்தை இரண்டு பேரும் பார்த்ததில்லை. ராக்கெட் போகிற சாயங்காலங்களில் ஆண்கள் ஜீப்பில் போவார்கள், பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் ஹாஸ்டலுக்குப் போய்விட வேண்டும். ஒருநாள் தாணு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஹாஸ்டல் மொட்டைமாடிக்கு ஏறினாள், சேலைகளும் பாவாடைகளும் காய்கிற கொடிகளுக்கு நடுவில். கீழே வார்டன் கத்துவது கேட்டது. கடல் பக்கம் வானத்தில் திடீரென்று ஒரு கோடு எரிந்தது. ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம், அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்காத நிறம். மெல்ல மெல்ல அது வளைந்தது, யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது. ஊரே தெருவில் நின்று பார்த்தது. தாணு என் கையை நசுக்கினாள். ஹெப்சி, இது கறுப்பு இல்லியா? இத்தன நாளும் நாம கறுப்பால்லா பாத்தோம் என்றாள். அழுதாளா சிரித்தாளா? அப்போது திரும்பிப் பார்த்திருக்கலாம். அவ்வளவு பக்கத்தில், அந்த வெளிச்சத்தில் நின்றாள். யார் திரும்பிப் பார்ப்பார்கள், வானம் அப்படி இருக்கும்போது. அந்தக் கோடு எந்த இடத்தில் முதலில் வளைந்தது என்று இப்போதும் என்னால் விரலால் காட்ட முடியும். அதன் கீழே நின்றவளை மட்டும் காட்ட முடியவில்லை.

சரி, போகட்டும், ஒரு வரியே போடட்டும் என்று சொல்லிவிடலாமா. இந்தப் பெண்ணும் எவ்வளவுதான் வரைவாள். சாயங்காலம் ரயில் பிடிக்க வேண்டும். பெயராவது வருமே. பெயர் வந்தால் போதாதா? பிள்ளைகள் பெயரையா பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள். என் மகன் சின்ன வயதில் படமில்லாத பக்கத்தை அப்படியே புரட்டிவிடுவான். முகம் இல்லாம ஒருத்தர பிள்ளைங்ககிட்ட கொண்டுபோக முடியாது ஆன்ட்டி என்று இவளும் காலையில் சொன்னாள். யாரோ ஒரு முகத்தைப் போட்டுவிடு என்று சொன்னால் என்ன? முதலில் வரைந்தாளே, அந்த அழகான முகம். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தில் யாரோ ஒருத்தி தாணுவின் பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கு ஒரு வரியே மேல். சொல்லிவிடுகிறேன். வேண்டாம் பிள்ளே என்று சொல்லத் திரும்பினேன். அசையக் கூடாது என்பதை மறந்து முழுசாகவே திரும்பிவிட்டேன்.

நித்திலா ஒரு கையை முன்னால் நீட்டி, பென்சிலை நேராக நிறுத்தி, அதன் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணால். இடது கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். மூடிய கண்ணைச் சுற்றித் தோல் சுருங்கி, அந்தப் பக்கத்து உதடு மேலே ஏறி, ஒரு பல் தெரிந்தது.

அந்த முகமே இல்லை இது, ஆனாலும் வந்துவிட்டது. எதைத் தட்டினேன் என்று தெரியவில்லை, ஒரேயடியாக வந்தது. கறுப்புத் திரையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வருவாள், நாள் முழுக்க ஒரு கண்ணால் லென்சில் பார்த்துப் பார்த்து, வெளியே வந்த பிறகும் அந்த இடது கண் திறக்காது. வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்ப்பாள். திறந்த பிறகும் அது மற்றதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும், ஓரத்தில் மூன்று கோடு, இருபத்திமூன்று வயதில். பஸ்ஸில் ஒரு கண்டக்டர் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று நினைத்து, மீதிச் சில்லறையை அவள் கையில் வைத்து ஒரு மாதிரி சிரித்தான். தாணு, சேட்டா, இது கண்ணடிக்கது இல்ல, இது என் உத்தியோகம் என்று சத்தமாகச் சொன்னாள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் மூக்கு இருந்தது, அகலமான சின்ன மூக்கு. மூக்குக்குக் கீழே மேலுதட்டில் பூனை முடி. நெற்றி சின்னது, முடி முன்னால் இறங்கியிருக்கும், அதனால்தான் முகம் வட்டமாகவும் இல்லை நீளமாகவும் இல்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கண்ணை விட்டுவிட்டு மற்ற எதை இழுத்தாலும் வராது போலிருக்கிறது.

"கண்ணைத் திறக்காதே பிள்ளே," என்றேன். என் குரல் எனக்கே இவருடைய குரல்போலக் கேட்டது. "அப்படியே இரு. நீ அசையாதே இப்பம்."

"நானா? என்ன ஆச்சு ஆன்ட்டி?"

"அவளுக்கு இடது கண்ணு சின்னது. இப்படித்தான், நீ வச்சிருக்கது மாதிரி. முழுசா மூடாண்டாம், பாதி. எழுது, எழுது, போயிரும்."

அவள் புதுத் தாளை எடுக்கக்கூட நிற்கவில்லை, என் படத்தின் பின்பக்கத்தையே திருப்பிப் போட்டு ஆரம்பித்தாள். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெற்றி இவ்வளவு வேண்டாம், முடியை இறக்கு. மூக்கை அகலமாக்கு, இன்னும், பயப்படாதே. பென்சில் ஓடியது, ரப்பர் அழித்தது, தாளில் தூள் கொட்டியது, நான் ஊதினேன். இவர் ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றார், நல்லவேளையாக ஒன்றும் பேசவில்லை. உதடு மட்டும் சரியாக வரவில்லை. ரொம்ப அழகாகச் சிரிக்கிறாள் என்றேன். பிள்ளைங்க புத்தகம் ஆன்ட்டி, சிரிச்ச முகமா இருந்தா நல்லா இருக்கும் என்றாள். அவளும் சிரிப்பாள், ஆனால் ஒரு பக்கம்தான் சிரிக்கும், கண் மூடின பக்கம் என்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஏற்றினாள். ஏற்றினதும் நான் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். போதும். இனி ஒரு கோடு போட்டாலும் கெட்டுவிடும்.

அச்சாக அவளேதானா? இல்லை. கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும், காது இன்னும் பெரிசு. ஆனால் இந்த முகத்தைப் பார்த்து இது இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. திரையை விலக்கி வந்து நிற்கிறவள். மணி என்ன பிள்ளே, பசிக்கி என்று கேட்கப் போகிறவள். இவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்து, ஓ இவளா, தூக்குப்பாத்திரம் கொண்டுவந்த பிள்ளையால்லா என்றார், மெதுவாக. அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. நித்திலா தாளைக் கையில் தூக்கிப் பிடித்து, கண்ணடிக்கிற மாதிரி இருக்காங்க, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். அது கண்ணடிப்பு இல்லை, கதையில் அதை ஒரு வரி எழுதச் சொல்லு உங்க அம்மாகிட்ட என்றேன். எங்க எடிட்டர் ஆன்ட்டி, அம்மா இல்ல என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ரப்பர் தூள் பட்டிருக்கும்.

பிறகு போனை எடுத்து அந்த குரூப் போட்டோவைப் பெரிதாக்கி, ஓரத்தில் நிற்கிற என்னை எனக்கே காட்டினாள். "ஆன்ட்டி, ஒண்ணு சொல்லட்டுமா? தாணம்மாள் இருபத்தி மூணு வயசுல இருக்காங்க. அடுத்த பக்கம் திருப்புனா நீங்க இப்படி. பிள்ளைங்க குழம்பிடுவாங்க, ரெண்டு பேரும் பிரெண்ட்ஸ்னே தோணாது. இதுல நீங்க நல்லாத் தெரியறீங்க. உங்களையும் சின்ன வயசாவே வரைஞ்சிடவா?"

போனில் அந்தப் பெண் நிற்கிறாள். ஒல்லிக் கழுத்து, இழுத்துப் போர்த்திய தலைப்பு, அழப்போகிற மாதிரி முகம். இவளுக்கு இன்னும் அந்தக் கார்டு வரவில்லை. ஆசையாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த பக்கத்தில் இரண்டு பேரும் ஒரே வயசில், யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, சாயங்காலம் ஹாஸ்டல், காலையில் பஸ். சரி என்று சொன்னால் முடிந்தது. வாயும் திறந்துவிட்டேன். ஆனால் அந்தப் படத்துக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவில் கிடக்கிறதே இவ்வளவு காலம், அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அவளுக்குக் கிடைக்காததை நான் வாங்கிக்கொண்டேன், முழுசாக வாங்கிக்கொண்டேன், பிள்ளைகள், இவர், முழங்கால் வலி, வெள்ளை முடி எல்லாம். அதை இல்லையென்று மறைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நிற்கக் கூசுகிறது.

"வேண்டாம் மக்ளே," என்றேன். "என்னைக் கிழவியாவே போடு."

"ஏன் ஆன்ட்டி?"

"அவளுக்கு வயசாகல்ல. எங்க ரெண்டு பேருல ஒருத்தியாவது வயசாகி இருக்கான்னு பிள்ளைகளுக்குத் தெரியாண்டாமா?"

நித்திலா போனை அணைத்துக் கீழே வைத்தாள். தாளைத் திருப்பினாள். பென்சிலைச் சீவி, என் கண்ணுக்குக் கீழேயும் வாயோரத்திலும் மரியாதைக்காக லேசாக விட்டிருந்த சுருக்கங்களை, ஒவ்வொன்றாக அழுத்திப் போட ஆரம்பித்தாள்.